காந்தம் ஒட்டாத இடம்

வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே
சன்னல் ரப்பர் முடிகிற மூலையில்
ஒரு கொப்புளம்.
மார்ச்சில் மிளகளவுதான் இருந்தது.
நகத்தால் நெருடினேன்.
பெயிண்ட் பெயர்ந்தது, விரல் உள்ளே போனது,
விரலைத் தொடர்ந்து மணிக்கட்டு வரை.

துரு வெளியிலிருந்து வருவதில்லை.
உள்ளே தின்று முடித்துவிட்டு
வாய் துடைக்கத்தான் வெளியே வரும்.

லூயிஸ் தீவில் எல்லா வண்டியும்
உப்பைத் தின்கிறது.
என் கேம்பர் வேன் தண்ணீரும் குடித்தது,
முப்பத்தாறு வருஷம்
அந்த ரப்பர் வழியாக,
சொட்டுச் சொட்டாக, வஞ்சனையில்லாமல்.

டோர்மத்தின் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.
கையைத் துடைத்தபடி குனிந்து பார்த்தான்.
வெட்டியெடுக்கணும்,
நல்ல இரும்பு தெரிகிற வரைக்கும்.
எவ்வளவு தூரம்?
அதை இரும்புதான் சொல்லணும் என்றான்.
பிறகு ஒரு தொகை சொன்னான்.
அதை இரும்பைக் கேட்காமலே சொன்னான்.

நான் செய்தது இவ்வளவுதான்:
தீவின் வாரப் பத்திரிகையைக் கசக்கித் திணித்தேன்,
மரண அறிவிப்புகள், படகு நேரங்கள்,
பாதியில் நின்ற குறுக்கெழுத்து எல்லாம் சேர்த்து.
அதன்மேல் கோழிவலை.
வலைமேல் பட்டி.
உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தேன்,
கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும்
மேடுபள்ளம் தெரியாத அளவுக்கு.
பிறகு க்ரீம் நிறம், மூன்று பூச்சு.
என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல வேலை
நேர்மையாக எதற்கும் செய்ததில்லை.

சனிக்கிழமை வந்தார்கள்.
கேலம், சால்மன் பண்ணையில் இரவு ஷிப்ட்.
எய்லி, ஆறு மாதம்.
மடக்குக் கட்டில்மேல் நோட்டுகளை எண்ணி வைத்தார்கள்.
ஐந்து பவுண்டு தாள்கள்கூட இருந்தன.
திங்களன்று எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.
எங்கள் ஊரில் ஞாயிறன்று
துணிகூடக் கொடியில் காயாது.

ஒரு முழு ஞாயிறு என் வாசலில் நின்றது வேன்.
சொல்லியிருக்கலாம்,
அவர்கள் வீடு சாலை திரும்பினால் நாலாவது.
ஓய்வுநாளில் வியாபாரம் பேசக்கூடாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
தேவாலயத்தில் சங்கீதம் இழுத்து இழுத்துப் போனது.
தீவு முழுக்கக் கை கட்டி உட்கார்ந்திருக்க
துரு மட்டும் வேலை செய்தது.

அக்டோபரில் எஞ்சின் சத்தம் கேட்டது.
அது வாசலுக்கு வருவதற்குள்
மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன்.

கதவில் ஒரு கீறல் என்றாள் எய்லி,
இடுப்பில் குழந்தை.
இந்த க்ரீம் என்ன நம்பர், ஞாபகம் இருக்கா?
நீங்க அடிச்ச அந்தப் பின்மூலைதான்
வண்டியிலேயே அழகு.

கொட்டகைக்குப் போனேன்.
டின்னில் கால்பங்கு பெயிண்ட் மிச்சம்.
பக்கத்தில், ஆணி பொறுக்கும் காந்தம்.
டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன்,
கதவு வரைக்கும்.
திரும்பிப்போய் மற்றதையும் எடுத்தேன்.

முன்கதவில் வைத்தேன், டக்கென்று ஒட்டியது.
நடுவில் வைத்தேன், ஒட்டியது.
பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன்.
வழுக்கி, புல்லில் விழுந்தது.

கேலம் எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான்.
மறுபடி.
அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.
என்னைப் பார்க்காமல் கேட்டான்:
கிரைண்டர் இருக்கா?

பட்டி, மாவாகப் பறந்தது.
வலை, பழுப்பு நூலாக உதிர்ந்தது.
கடைசியில் பத்திரிகை வந்தது, ஈரமாக,
பெற்றதையெல்லாம் உறிஞ்சிக் கனத்து.
எய்லி ஒற்றைக் கையால் பிரித்தாள்.
நான் குறுக்கெழுத்தைப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன்.
மேல் ஓரத்துத் தேதியைப் பார்த்தாள்.
அவர்கள் பணம் எண்ணிய சனிக்கு
முந்தைய வியாழன்.

மடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து,
என் கையில் தந்தாள்.

இப்போது மணி நாலு, இருட்டுகிறது.
விளக்கை நான் பிடித்திருக்கிறேன்.
நல்ல இரும்பு இன்னும் வரவில்லை.
கேலம் சாக்பீஸால் கோட்டை
இன்னும் ஓர் அங்குலம் தள்ளிப் போடுகிறான்.